முதல் முறை இசை நகைச்சுவை நாடகம் பார்க்கப் போகிறவர்களுக்கு

இசை நகைச்சுவை நாடகம் ஒன்றை முதல் தடவை நேரில் பார்க்கப் போகிற நண்பர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் உடையைப் பற்றியதாக இருக்கும். அடுத்த கேள்வி, எந்த இடத்தில் கைதட்ட வேண்டும் என்பது. இரண்டுக்கும் கீழே பதில் சொல்கிறேன். ஆனால் அந்த மாலை நன்றாக அமைவது, விளக்கு அணையும் நேரத்தில் உங்கள் மனம் எதிலும் மாட்டிக்கொள்ளாமல் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. சோக நாடகத்துக்குக் கவலையோடு போய் உட்கார்ந்தாலும் அது நம்மைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துக்கொள்ளும். நகைச்சுவைக்கு அந்தப் பொறுமை கிடையாது. வண்டியை எங்கே விட்டோம், கடைசி ரயில் எத்தனை மணிக்கு, மேடையில் நிற்கும் இந்த ஆள் யார் என்று யோசித்துக்கொண்டிருப்பவரால் சிரிக்க முடியாது. அவர் யோசித்து முடிப்பதற்குள் நாலு சிரிப்பு போய்விடும்.

அதனால் இங்கே நான் சொல்லும் முன்வேலை எல்லாமே, அந்த இரண்டரை மணி நேரம் நீங்கள் வேறு எதையும் நினைக்காமல் இருப்பதற்காகத்தான்.

முதலில், என்ன பார்க்கப் போகிறோம்?

மியூசிக்கல் என்று எல்லோரும் சொல்லும் இந்த வகை நாடகத்தில் நடிகர்கள் பேசுவார்கள், பேச்சு போதாத இடத்தில் பாடுவார்கள், பாட்டும் போதாத இடத்தில் ஆடுவார்கள். இயல், இசை, நாடகம் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிய நமக்கு இந்த ஏற்பாடு அந்நியமாக இருக்காது. ஆபராவில் பெரும்பாலும் எல்லாமே பாட்டுதான், பாடகர்கள் மைக் இல்லாமல் பாடுவதுதான் அங்கே வழக்கம். மியூசிக்கலில் வசனத்துக்குப் பெரிய இடம் உண்டு. நடிகர்களின் நெற்றி ஓரத்திலோ தலைமுடிக்குள்ளோ சின்ன மைக் ஒன்று ஒளிந்திருக்கும்.

நகைச்சுவை வகை என்றால் கதை இலேசாக இருக்கும். ஆள்மாறாட்டம், தவறான கைக்குப் போய்ச் சேர்ந்த கடிதம், பொய்ப் பெயரில் வேலைக்குச் சேர்ந்த ஒருவன், ஒருவரை ஒருவர் பிடிக்கவே பிடிக்காது என்று சாதிக்கும் இரண்டு பேர். கடைசியில் எல்லா முடிச்சும் அவிழ்ந்து, குறைந்தது ஒரு கல்யாணமாவது நிச்சயமாகும்.

சினிமாவில் பாட்டு வந்தால் எழுந்து வெளியே போய்விட்டு வருகிறவர்கள் உண்டு. இங்கே அப்படிச் செய்தால் கதையே கைவிட்டுப் போகும். ஒரு காலத்தில் மேடை நகைச்சுவைகளிலும் பாட்டு கதையோடு ஒட்டாமல் தனியாக நின்றது உண்மைதான். ரிச்சர்ட் ராட்ஜர்ஸும் ஆஸ்கர் ஹேமர்ஸ்டைனும் சேர்ந்து எழுதிய 'ஓக்லஹோமா!' 1943ல் நியூயார்க்கில் அரங்கேறிப் பெரிய வெற்றி பெற்ற பிறகு, பாட்டும் நடனமும் கதையை நகர்த்த வேண்டும் என்பது ஏறக்குறைய விதியாகவே ஆகிவிட்டது. பாட்டு தொடங்கும்போது சண்டை போட்டுக்கொண்டிருந்த இருவர், அது முடியும்போது காதலில் விழுந்திருப்பார்கள். நடுவில் நீங்கள் செல்பேசியைப் பார்த்திருந்தால் அது எப்படி நடந்தது என்றே தெரியாது.

எந்த நாள், எந்தக் காட்சி

தொடர்ந்து நடக்கும் பெரிய நாடகங்கள் வழக்கமாக வாரத்துக்கு எட்டு காட்சிகள் போடுவார்கள். ஆறு மாலைக் காட்சிகள், இரண்டு பகல் காட்சிகள் என்பது பரவலான கணக்கு. வாரத்தின் தொடக்க நாட்களில் கூட்டம் குறைவாக இருக்கும், நல்ல இருக்கை கிடைப்பது சுலபம், டிக்கெட்டும் மலிவாக இருக்கலாம். வெள்ளி, சனி மாலைகளில் அரங்கம் நிரம்பி வழியும்.

வேறு எந்த நாடகமாக இருந்தாலும் வார நாளில் போங்கள் என்றுதான் சொல்வேன். நகைச்சுவைக்கு மட்டும் நிரம்பிய அரங்கத்தைத் தேடிப் போங்கள். சிரிப்பு ஒட்டிக்கொள்ளும். பாதி காலியான அரங்கத்தின் மிகச் சிறந்த இருக்கையைவிட, நிரம்பிய அரங்கத்தின் சுமாரான இருக்கை மேல் என்பது என் அனுபவம். காலி இருக்கைகளுக்கு நடுவே தனியாகச் சத்தம்போட்டுச் சிரிக்க நமக்கே கூச்சமாக இருக்கும். சுற்றிலும் எழுநூறு பேர் சிரிக்கும்போது அந்தக் கூச்சம் காணாமல் போய்விடும்.

முன்னோட்டக் காட்சிகள் என்று அறிவித்திருந்தால், அதிகாரப்பூர்வமான முதல் நாளுக்கு முன் பார்வையாளர்களை வைத்து நாடகத்தைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று பொருள். வசனம் மாறும், பாட்டு வெட்டப்படும், சில நேரம் மேடை இயந்திரம் நின்றுபோய்க் காட்சியே கொஞ்ச நேரம் தடைபடும். ஏற்கெனவே பத்து நாடகம் பார்த்தவர்களுக்கு அது ஒரு தனி ருசி. முதல் முறை போகிறவர்கள் இரண்டு மூன்று வாரம் பொறுத்துப் போகலாம்.

டிக்கெட்டை அரங்கத்தின் சொந்தக் கவுன்டரிலோ அதன் சொந்த இணையதளத்திலோ வாங்குங்கள். தேடும்போது முதலில் வந்து நிற்பது பல நேரம் மறுவிற்பனைத் தளமாக இருக்கும். அங்கே அதே இருக்கைக்கு இரண்டு மடங்கு கேட்பார்கள். பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் சேவைக் கட்டணம் என்று ஒன்று சேரும், அதையும் கூட்டிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். பணம் இடிக்கிறது என்றால் அன்றைய நாளுக்கென்று ஒதுக்கிய மலிவு டிக்கெட்டுகள், நின்று பார்க்கும் இடங்கள், யாராவது திருப்பிக் கொடுத்த டிக்கெட்டுகள் இருக்கின்றனவா என்று கவுன்டரில் நேராகக் கேளுங்கள். கேட்கிறவர்களுக்குக் கிடைக்கும்.

அதே பக்கத்தில் இன்னும் மூன்று விவரங்களைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்: மொத்த நேரம், எந்த வயதுக்கு மேல் ஏற்றது, எச்சரிக்கைக் குறிப்பு. வெட்டி வெட்டி அடிக்கும் விளக்கு, மேடைப் புகை, துப்பாக்கிச் சத்தம் போன்றவற்றை அந்தக் குறிப்பில் சொல்லியிருப்பார்கள். உங்களோடு வருகிறவருக்கு வலிப்போ மூச்சுத் தொல்லையோ இருந்தால் இதைப் படிக்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள்.

எங்கே உட்காருவது

இதைப் பற்றி நான் நீட்டிப் பேசப் போகிறேன், ஏனென்றால் புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். மேடைக்குப் பக்கத்தில் இருந்தால் நல்ல இடம் என்று நினைத்து முதல் வரிசையை வாங்கிவிடுவார்கள்.

இசை நகைச்சுவையில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று முகம். புருவம் உயர்வது, பொய் சொல்லிவிட்டுக் கண் ஓரமாகத் திரும்புவது, சிரிப்பை விழுங்கிக்கொண்டு கண்டிப்பாக நிற்பது எல்லாம் பக்கத்தில் இருந்தால்தான் தெரியும். இன்னொன்று நடனம். இருபது பேர் சேர்ந்து ஆடும்போது அவர்கள் மேடையில் வரையும் கோலம் கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் மேலே இருந்து பார்த்தால்தான் முழுதாகத் தெரியும். எந்த இருக்கையை எடுத்தாலும் இந்த இரண்டில் ஒன்றைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

முதல் இரண்டு வரிசையில் மேடையின் உயரமே ஆடுகிறவர்களின் பாதத்தை மறைத்துவிடும். காலணித் தாளம்தான் பிரதானமான நாடகத்தில் பாதம் தெரியாவிட்டால் பாதி போச்சு. கழுத்தும் வலிக்கும். நடு இருக்கை என்றால் வாத்தியக் குழுவை நடத்துகிறவரின் தலை உங்களுக்கும் மேடைக்கும் நடுவே ஆடிக்கொண்டிருக்கும். தரைத்தளத்தில் ஐந்தாவது வரிசையில் இருந்து பன்னிரண்டாவது வரை, நடுப்பகுதி, இதுதான் முகமும் நடனமும் ஓரளவு சேர்ந்து கிடைக்கும் இடம். விலையும் அதற்கேற்ப இருக்கும்.

விலைக்கும் காட்சிக்கும் நடுவே நல்ல சமரசம் முதல் பால்கனியின் முன்வரிசைகள். நடனக் கோலம் அங்கிருந்துதான் அழகு. ஆனால் முதல் வரிசையில் கைப்பிடிக் கம்பி குள்ளமானவர்களின் கண் மட்டத்துக்கு வரலாம், இரண்டாவது வரிசை எடுத்தால் அந்தத் தொல்லை குறையும். தரைத்தளத்தின் கடைசி வரிசைகளை வாங்கும் முன் ஒரு தடவை யோசியுங்கள். தலைக்கு மேல் பால்கனி நீண்டிருப்பதால் மேடையின் மேல்பாகம் வெட்டுப்படும், பழைய கட்டடங்களில் ஒலியும் அமுங்கிக் கேட்கும். இரண்டு ஓரங்களிலும் மேடையின் ஒரு பக்கம் மறையும். கதாபாத்திரங்கள் கதவுக்குக் கதவு ஓடி ஒளியும் நாடகத்தில் ஒரு பக்கக் கதவு தெரியாமல் போனால் எல்லோரும் சிரிக்கும்போது நீங்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பார்வை மறைப்பு உண்டு என்று டிக்கெட்டில் எழுதியிருந்தால் அதை நம்புங்கள்.

ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும். நாடகம் நடக்கும் மொழி சரியாகப் புரியாதவரை அழைத்துப் போகிறீர்கள் என்றால் நடனத்தை விட்டுக்கொடுத்து முகத்தை எடுங்கள். அம்மாவை ஒரு முறை அழைத்துப் போனேன். அந்த மொழியில் பாதிதான் அவருக்குப் பிடிபடும். நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். வேலைக்காரன் வேடத்தில் இருந்த நடிகர் ஒரு சொல்லும் பேசாமல் ஒரு பெட்டியைத் தூக்க முயன்ற இரண்டு நிமிடத்தில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பால்கனியில் இருந்திருந்தால் அந்தப் பெட்டி மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருக்கும்.

கதையைப் படியுங்கள், பாதி மட்டும்

கதை முன்பே தெரிந்தால் சுவாரசியம் போய்விடுமே என்று சிலர் தயங்குவார்கள். துப்பறியும் நாடகத்துக்கு அது சரி. ஆள்மாறாட்டக் கதையில் வேஷம் போட்டிருப்பவன் யார் என்று நமக்குத் தெரியும், மேடையில் உள்ளவர்களுக்குத் தெரியாது, அதனால்தான் சிரிக்கிறோம். யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்பதில் நமக்கே குழப்பம் வந்தால் சிரிப்பு வராது. போதாததற்கு இந்த நாடகங்களில் முதல் பத்து நிமிடத்திலேயே ஏழெட்டுப் பேர் அறிமுகமாகிவிடுவார்கள், அதுவும் பாதிப் பேர் பாட்டிலேயே.

ஆகவே முதல் பாதியின் கதைச்சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் போங்கள், இரண்டாம் பாதியைத் தொடாதீர்கள். நான் இன்னொன்றும் செய்வேன். நாலு முக்கியமான கதாபாத்திரங்களை எடுத்து, ஒவ்வொருவரும் யாரிடமிருந்து எதை விரும்புகிறார் என்று ஒரு வரியில் மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். இவனுக்குச் சொத்து வேண்டும், இவளுக்கு இந்த ஊரை விட்டுப் போக வேண்டும், அத்தைக்கு மரியாதை வேண்டும், வேலைக்காரனுக்கு விடுதலை வேண்டும். இது தெரிந்தால் போதும், அப்புறம் பெயர் மறந்தாலும் கதை விளங்கும்.

பாட்டுகளை முன்பே கேட்கலாமா? இரண்டு மட்டும் கேளுங்கள். ஒன்று காதல் பாட்டு, ஒன்று எல்லோரும் சேர்ந்து பாடும் பெரிய பாட்டு. பழகிய மெட்டு நேரில் வரும்போது ஒரு சந்தோஷம் இருக்கிறது, அதற்கு இரண்டு போதும். வேகமாகச் சொற்களைக் கொட்டும் நகைச்சுவைப் பாட்டுகளைத் தயவுசெய்து முன்னால் கேட்காதீர்கள்.

காரணம் இதுதான். தமிழ்ச் செய்யுளில் எதுகைக்கு இருக்கும் செல்வாக்கு இந்தப் பாட்டுகளில் இயைபுக்கு உண்டு. அடியின் கடைசிச் சொல், முந்தைய அடியின் கடைசிச் சொல்லோடு ஓசை ஒத்து வந்து விழும். நகைச்சுவைப் பாட்டு எழுதுகிறவர் சிரிப்பை அந்தக் கடைசிச் சொல்லில்தான் வைப்பார். முதல் அடி முடிந்ததும் நம் காது ஓர் ஓசைக்காகக் காத்திருக்கும். இந்தச் சொல்தான் வரப்போகிறது என்று நாம் நினைக்கும்போது, அதே ஓசையில் நினைத்தே பார்க்காத வேறொரு சொல் வந்து விழும். அரங்கம் வெடிக்கும். வீட்டில் பத்து முறை கேட்டுவிட்டுப் போனால் அந்தச் சொல் வருவதற்கு முன்பே உங்களுக்குத் தெரியும். ஒரு பாட்டில் அப்படி இருபது இடம் இருக்கலாம், இருபதும் வீணாகும்.

கிளம்பும் நேரம்

உடை விஷயத்தில் கவலையே வேண்டாம். சுத்தமாக, உட்கார வசதியாக எதுவும் போட்டுக்கொள்ளலாம். அலங்கரித்துக்கொண்டு போகப் பிடிக்கும் என்றால் போங்கள், அதற்கும் இது நல்ல சாக்கு. பின்னால் இருப்பவருக்கு மறைக்கும் தொப்பியும் உயரமான கொண்டையும் மட்டும் வேண்டாம். உள்ளே குளிர்சாதனம் சில நேரம் கடுமையாக இருக்கும், மேலே போட்டுக்கொள்ள ஒன்று கையில் இருக்கட்டும். நறுமணத்தைக் குறைவாகத் தெளித்துக்கொள்ளுங்கள், இரண்டரை மணி நேரம் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கப் போகிறார். பை சின்னதாக இருந்தால் மடியிலோ காலடியிலோ அடங்கும். பெரிய பையை வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், திரும்ப வாங்க வரிசையில் நிற்க வேண்டும்.

சாப்பாட்டை முன்பே முடித்துக்கொள்வது நல்லது. வயிறு முட்டச் சாப்பிட்டால் முதல் பாதியிலேயே கண் சொக்கும், பட்டினியாகப் போனால் இடைவேளை எப்போது என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

நேரத்தைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். தொடங்கும் நேரத்துக்கு அரை மணி முன்னால் வாசலில் இருங்கள். சினிமாவைப் போல இருட்டில் தடவிக்கொண்டு உள்ளே போக விடமாட்டார்கள். தாமதமானால் பொருத்தமான இடைவெளி வரும்வரை வெளியே நிறுத்திவைப்பார்கள். என் முதல் நாடகத்துக்கு எட்டு நிமிடம் தாமதமாகப் போனேன். கூடத்தில் இருந்த சின்னத் திரையில் தொடக்கப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் மிகக் குறைவு. மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் ஆயிரம் பேர் சிரிப்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. பிறகு உள்ளே விட்டார்கள். ஆனால் அந்த முதல் பாட்டில் வந்த ஏதோ ஒரு குடை, நாடகம் முழுக்கத் திரும்பத் திரும்ப வந்தது. வரும்போதெல்லாம் எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் குடைக்கு என்ன கதை என்று எனக்குக் கடைசி வரை தெரியவில்லை. இந்த வகை நாடகத்தில் தொடக்கத்தில் விதைத்ததைத்தான் முடிவில் அறுக்கிறார்கள்.

உள்ளே போனதும்

கழிப்பறைக்கு இப்போதே போய்விட்டு வாருங்கள், இடைவேளை வரிசை நீளம். உங்கள் இருக்கை வரிசையின் நடுவில் இருந்தால் சீக்கிரமே போய் உட்காருங்கள், ஓரத்தில் இருப்பவர்கள் ஆறு தடவை எழுந்து வழிவிட வேண்டியிருக்காது.

நிகழ்ச்சிக் கையேட்டுக்குள் ஒரு சின்னச் சீட்டு செருகியிருந்தாலோ, இன்று இந்த வேடத்தில் இன்னொருவர் நடிக்கிறார் என்று அறிவித்தாலோ முகம் சுளிக்காதீர்கள். ஒவ்வொரு முக்கிய வேடத்துக்கும் மாற்று நடிகர் தயாராக இருப்பார். அதைவிட ஆச்சரியம், குழுவில் பல வேடங்களை ஒரே ஆள் மனப்பாடம் செய்து வைத்திருப்பது. அவர்களை ஸ்விங் என்பார்கள். ஒருவருக்குக் காய்ச்சல் என்று மதியம் தெரிந்தால், மாலையில் ஸ்விங் அந்த ஆளின் பாட்டு, நடன அடி, மேடையில் நிற்கும் இடம் எல்லாவற்றையும் பிசகாமல் செய்துவிட்டுப் போவார். மறுநாள் வேறொரு ஆளின் இடம். நான் பார்த்த மிகச் சிறந்த மாலைகளில் இரண்டு, அப்படி மாற்று நடிகர்கள் வந்த மாலைகள். அன்றைக்கு மேடையில் இருக்கும் மற்றவர்களும் கூடுதல் கவனத்தோடு நடிப்பார்கள், கைதட்டலும் பலமாக இருக்கும்.

செல்பேசியை முழுதாக அணைத்துவிடுங்கள். அதிர்வில் வைத்தால் அமைதியான இடத்தில் அந்த உறுமல் மூன்று வரிசைக்குக் கேட்கும். கைக்கடிகாரத்தில் வெளிச்சம் வரும் என்றால் அதையும். இருட்டில் ஒரு சின்ன வெளிச்சம்கூட மேடையில் இருக்கும் நடிகருக்குத் தெரியும். சிரிப்பு நாடகத்தில் வசனத்தின் நேரம் நொடிக் கணக்கில் அமைத்தது, ஒரு கணம் அவர் கவனம் சிதறினால் அந்தச் சிரிப்பு எல்லோருக்கும் போய்விடும். படமோ காணொளியோ எடுக்கக் கூடாது என்பது ஏறக்குறைய எல்லா அரங்கத்திலும் விதி. இருமல் மிட்டாய் கொண்டுவந்திருந்தால் காகிதத்தை இப்போதே பிரித்து வையுங்கள்.

விளக்கு அணைந்த பிறகு

பல நாடகங்களில் திரை விலகும் முன் வாத்தியக் குழு மட்டும் சில நிமிடம் வாசிக்கும். அதுவும் நாடகம்தான், பேசாமல் கேளுங்கள். பிற்பாடு வரப்போகும் பாட்டுகளின் மெட்டுகள் அதில் துண்டு துண்டாக வரும். அப்போது காதில் விழுந்த மெட்டு, ஒரு மணி நேரம் கழித்துச் சொற்களோடு வரும்போது பழகிய முகத்தைப் பார்த்தது போல இருக்கும்.

அடுத்து தொடக்கப் பாட்டு. இது எந்த மாதிரி மாலை என்பதை அந்தப் பாட்டு சொல்லிவிடும், அதனால்தான் தாமதம் வேண்டாம் என்று அவ்வளவு வற்புறுத்தினேன். இதற்கு நாடக உலகத்தில் எல்லோரும் சொல்லும் ஓர் உதாரணம் உண்டு. ஸ்டீபன் சோண்ட்ஹைம் பாட்டெழுதி இசையமைத்து, பழைய ரோமாபுரியில் நடப்பதாக 1962ல் வந்த ஒரு கேலி நாடகம், நியூயார்க்குக்கு வரும் முன் வெளியூரில் ஒத்திகைக் காட்சிகள் போட்டபோது சிரிப்பே எழவில்லை. உதவிக்கு வந்த ஜெரோம் ராபின்ஸ் என்ற நடன அமைப்பாளரும் இயக்குநருமானவர், கோளாறு தொடக்கப் பாட்டில் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். அது மென்மையான பாட்டு, கேட்டவர்கள் மென்மையான நாடகத்தை எதிர்பார்த்தார்கள். இன்றைக்கு நடக்கப்போவது முழுக்க முழுக்கச் சிரிப்பு என்று போட்டு உடைக்கும் வேறு பாட்டை சோண்ட்ஹைம் எழுதினார். அதற்கப்புறம் அதே நாடகத்துக்கு அரங்கம் சிரிக்கத் தொடங்கியது.

சிரிக்கத் தோன்றினால் சத்தமாகச் சிரியுங்கள். சிலர் மரியாதை கருதி வாயை மூடிக்கொள்வார்கள், நகைச்சுவை நடிகருக்கு அது பெரிய சங்கடம். அவர் அரங்கத்தின் சிரிப்பைக் கேட்டுத்தான் அடுத்த வரியை எப்போது சொல்வது என்று முடிவு செய்கிறார். சிரிப்பு எழுந்து, உச்சிக்குப் போய், இறங்கத் தொடங்கும் நேரத்தில் அடுத்த வசனம் வரும். முழுக்க அடங்கும் வரை காத்திருந்தால் வேகம் செத்துவிடும், முன்கூட்டிச் சொன்னால் யாருக்கும் கேட்காது. அதனால் ஒரு சிரிப்பு இறங்கும்போது காதை மேடையிடம் கொடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் திரும்பி விளக்கம் சொன்னால், நீங்கள் இரண்டு பேரும் அடுத்ததைத் தவறவிடுவீர்கள்.

கைதட்டும் இடத்தை வாத்தியக் குழுவே உங்களுக்குச் சொல்லிவிடும். பெரிய பாட்டின் முடிவில் எல்லா வாத்தியங்களும் ஒன்றாக ஓர் அடி அடித்து நிற்கும், நடிகர்கள் ஒரு கோலத்தில் அப்படியே உறைந்து நிற்பார்கள். மூச்சு வாங்குவது நெஞ்சில் தெரியும். அது கைதட்டுவதற்கென்றே விட்ட இடம். சில பாட்டுகள் அப்படி நிற்காமல் மெதுவாகப் பேச்சில் கரையும், அங்கே தட்ட வேண்டாம். சந்தேகம் வந்தால் அரை நொடி பொறுத்து மற்றவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். மேடையில் இருந்து அழைத்தால் ஒழிய, பாட்டு நடுவில் தாளம் தட்டுவதும் கூடப் பாடுவதும் வேண்டாம். எவ்வளவு பிடித்த பாட்டாக இருந்தாலும் சரி, பக்கத்து இருக்கைக்காரர் மேடையில் பாடுகிறவரைக் கேட்கத்தான் வந்திருக்கிறார்.

இடைவேளையும் மீதியும்

முதல் பாதி பெரும்பாலும் நீளமாக இருக்கும், ஒன்றேகால் மணியில் இருந்து ஒன்றரை மணி வரை. எல்லாச் சிக்கலும் ஒரே நேரத்தில் வெடிக்கும் இடத்தில் திரை விழும். இடைவேளை பதினைந்து இருபது நிமிடம். எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள், யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று கூட வந்தவரோடு பேசித் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். கூட்டத்தைத் தவிர்க்க விரும்பினால் வெளியே போகாமல் அரங்கத்துக்குள்ளேயே இருந்து ஒரு வேடிக்கை பாருங்கள். முன்னால் போய், மேடைக்கு முன் வாத்தியக் குழு உட்காரும் குழிக்குள் எட்டிப் பார்த்தால், மூன்று நான்கு வாத்தியங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருவரே மாற்றி மாற்றி வாசிக்கும் இடம் தெரியும். திரும்பிப் பால்கனியின் முகப்பைப் பாருங்கள், பல அரங்கங்களில் அங்கே ஒரு திரை மாட்டியிருக்கும். வாத்தியக் குழுவை நடத்துகிறவரின் கை அதில் தெரியும். நடிகர் உங்களைப் பார்த்துப் பாடுவது போல இருந்தாலும், அவர் கண் தாளத்துக்காக அந்தத் திரையையும் பார்த்துக்கொண்டிருக்கிறது.

மணி அடித்ததும் வந்துவிடுங்கள். இரண்டாம் பாதியும் இசையோடுதான் தொடங்கும், ஆனால் வேகமாகப் போகும். முதல் பாதியில் கேட்ட பாட்டு ஒன்று புதுச் சொற்களோடு திரும்ப வரும்போது கவனியுங்கள். அப்போது பெருமையாகப் பாடியவன் இப்போது அதே மெட்டில் மன்னிப்புக் கேட்பான், சில நேரம் அவன் எதிரி பாடுவான். நாடகம் முடியும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு முக்கிய நடிகர் தனியாக நின்று அரங்கத்தையே தூக்கிவிடும் பாட்டு ஒன்று வரும். அதைப் பதினோரு மணிப் பாட்டு என்பார்கள். ஒரு காலத்தில் நாடகங்கள் இரவு எட்டரைக்குத் தொடங்கியதால் அந்தப் பாட்டு வரும்போது ஏறக்குறைய பதினோரு மணி ஆகியிருக்கும். இன்று பெரும்பாலும் அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறார்கள், பெயர் மட்டும் மாறவில்லை.

குழந்தைகளோடும், கூடுதல் வசதி தேவைப்படுகிறவர்களோடும்

குழந்தையை அழைத்துப் போவதென்றால் பகல் காட்சிதான் சரி. ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் உட்காரப் பழகிய பிள்ளையா என்பதை வயதைவிட முக்கியமாகப் பாருங்கள். ஓர இருக்கை எடுங்கள், உயரம் போதாவிட்டால் மேலே வைத்து உட்கார மெத்தை இருக்கிறதா என்று ஊழியரிடம் கேளுங்கள். அழுகையோ அடமோ வந்தால் தயங்காமல் வெளியே தூக்கிப் போய், அமைதியானதும் திரும்பி வரலாம்.

சில காட்சிகளில் மேடை ஓரத்தில் வசனம் எழுத்தாக ஓடும், சிலவற்றில் சைகை மொழி பெயர்ப்பாளர் நிற்பார். சத்தமும் வெளிச்சமும் குறைத்து, எழுந்து நடமாட அனுமதித்து நடத்தும் தளர்வான காட்சிகளும் இருக்கின்றன. கேட்கும் கருவி அணிந்தவர்களுக்கான ஒலி ஏற்பாடு, சக்கர நாற்காலிக்கான இடம், படி இல்லாத வழி இவற்றை டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். அன்று மாலை வாசலில் போய்ச் சொன்னால் அந்த இடங்கள் நிரம்பியிருக்கும். எழுத்தோடு வரும் காட்சிகள் மொழி சரளமாக வராதவர்களுக்கும் மிக நல்லது.

திரை விழுந்ததும்

நடிகர்கள் வரிசையாக வந்து வணங்குவார்கள், சின்ன வேடங்கள் முதலில், முக்கிய வேடங்கள் கடைசியில். குழிக்குள் இருக்கும் வாத்தியக்காரர்களைக் கை நீட்டிக் காட்டுவார்கள், அவர்களுக்கும் தட்டுங்கள். எழுந்து நின்று தட்டுவது கட்டாயமில்லை, மனதுக்குத் தோன்றினால் நில்லுங்கள். ரயிலைப் பிடிக்க இந்த நேரத்தில் எழுந்து ஓடுகிறவர்கள் உண்டு. அவர்களில் ஒருவராக நீங்கள் இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் வீட்டில் இருந்து கிளம்பும்போதே திரும்பும் வண்டியைப் பார்த்துவைக்கச் சொல்கிறேன். அறிவித்த முடிவு நேரத்தோடு அரை மணி நேரம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

நடிகர்களைப் பார்க்க விருப்பம் இருந்தால் பக்கவாட்டுச் சந்தில் மேடைக்காரர்களின் வாசல் இருக்கும். கால் மணி நேரம், அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். வந்தால் கையேட்டில் கையெழுத்து கேட்கலாம், எந்த இடத்தில் சிரித்தீர்கள் என்று சொல்லலாம். களைப்பாக இருந்து நேராகப் போய்விட்டால் விட்டுவிடுங்கள், நாளைக்கு அவர்களுக்கு இரண்டு காட்சி இருக்கலாம்.

விளக்கு எரிந்து கூட்டம் கலையத் தொடங்கும்போது வாத்தியக் குழு மட்டும் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கும். பாதிப் பேர் முதுகைக் காட்டிக்கொண்டு வாசலை நோக்கி நகர்ந்துகொண்டிருப்பார்கள். நீங்கள் உட்காருங்கள். அன்று கேட்ட மெட்டுகள் எல்லாம் ஒரு தடவை வந்து போகும். கடைசி அடி விழுந்ததும் அரங்கத்தில் மீதமிருக்கும் முப்பது நாற்பது பேர் குழியைப் பார்த்துக் கைதட்டுவார்கள், கீழே இருந்து யாராவது ஒருவர் தன் வயலின் வில்லை உயர்த்திக் காட்டுவார். அதற்குள் வாசலில் நெரிசலும் குறைந்திருக்கும்.